முழங்கால் தண்ணீர்

ஜனவரி 9

தம்பிக்கு,

அப்பாவை அடக்கம் செய்த அன்று வாசலில் நின்று, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னேன். சந்து முழுக்கக் கேட்டது. மூன்று வருடமாகப் பேசவில்லை, இனியும் பேசப்போவதில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதே. போன் செய்தால் எடுக்கமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ச்சபை அலுவலகப் பலகையில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். கடலுக்குச் சுவர் வரப்போகிறதாம். மீன் இறங்குதுறையில் தொடங்கி, படகு பழுதுபார்க்கும் கொட்டகையைத் தாண்டி, தலைவருடைய மச்சான் கட்டியிருக்கிற விடுதி வரைக்கும் கருங்கல். விடுதி வாசலோடு கோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்தது நம் சந்து, இருபத்துமூன்று வீடு. அங்கே வந்ததும் பேனாவில் மை தீர்ந்துவிட்டது போல.

படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கையால் எழுதியிருந்த அளவுகளில் ஏழு வருகிற இடத்தில் எல்லாம் குறுக்கே சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. உன் ஏழை ஒன்று என்று படித்து வாத்தியார் கணக்குக்குத் தப்பு போட்டுவிட்டார் என்று நீ அழுதுகொண்டு வந்த அன்று, குறுக்கே ஒரு வெட்டுப் போடு என்று சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று எனக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உன் மாமாவுக்கு, இடது பக்கம் இன்னும் திரும்பவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் நாற்காலியோடு இழுத்துப் பின்வாசலில் விட்டால் பொழுது சாயும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிற படகையெல்லாம் பாதி வாயால் திட்டிக்கொண்டிருப்பார். முன்னறையில் நான் ஐஸ் உடைத்து விற்கிறேன். இறங்குதுறை நூறு அடியில் இருப்பதால்தான் அந்த வியாபாரம் ஓடுகிறது. கட்டி ஐஸைத் தள்ளுவண்டியில் வைத்துத் தூரம் போனால் போய்ச் சேருவது மேலே மூடிய மரத்தூள் மட்டும்தான். இந்த வீடு போனால் எங்களுக்கு வேறு போக்கில்லை.

சுவரைச் சந்தின் கடைசி வரை நீட்டு. சுவர் கட்டுகிற அலுவலகத்தில் வரைவாளன் நீ, உன் கையில் ஸ்கேல் இருக்கிறது. இடுப்பில் தூக்கி வளர்த்ததற்குக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. காலர் இல்லாத சட்டை போட்டிருந்தேன், அதனால் நீ பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று நீ சொன்னது சந்து முழுக்கக் கேட்டது என்றால், நான் கேட்டதும் கேட்டிருக்கும். 'அப்பா கடைசியா என்ன சொன்னாரு?' இதுதான் என் முதல் கேள்வி. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அதற்கு அப்புறம்தான் கேட்டேன். முதல் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. 'திடீர்னு போயிட்டாரு' என்றாய். திடீரென்று போகிறவர், போவதற்கு முதல் நாள் பத்திரம் எழுதுகிற ஆளை வரவழைத்து, வீட்டை மகளுக்கு மட்டும் எழுதிக் கைநாட்டு வைப்பாரா? எனக்குச் சொல்லி அனுப்ப உனக்கு ஒரு நாள்கூடவா கிடைக்கவில்லை? பஸ் ஆறு மணி நேரம். நான் வந்தபோது மண் மூடியிருந்தது.

இனி அலுவலகம். கோட்டை நான்தான் போட்டேன். எங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்வது நான் இல்லை, கோப்பு. கடல் எங்கே சேதம் செய்திருக்கிறது என்று தாளில் இருக்கிறதோ அங்கே சுவர் போகும். விடுதிக்காரர் இரண்டு வருடத்தில் பதினாறு மனு கொடுத்திருக்கிறார். உங்கள் சந்திலிருந்து ஒன்றுகூட இல்லை. கடல் வந்தால் நீங்கள் விளக்குமாற்றால் தள்ளிவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள். தாளில் இல்லாதது எங்களுக்கு நடக்காதது.

ஆகவே எழுது. என்ன தேதி, யார் வீடு, எத்தனை உயரம் என்று வரிசையாக எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி எனக்கு அனுப்பு. நான் சேர்க்கிறேன். கொஞ்சம் கூட்டியே எழுது. கணுக்கால் அளவு வந்திருந்தால் முழங்கால், முழங்கால் என்றால் இடுப்பு. எல்லா ஊரும் அப்படித்தான் எழுதுகிறது, இங்கே எல்லாரும் பாதியாகக் குறைத்துத்தான் படிப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினால் உங்களுக்குப் பாதிச் சுவர்தான் கிடைக்கும்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். நாலு பக்கம், இருபத்துமூன்று கையெழுத்து. வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கினேன். தையற்காரர்தான் இழுத்தடித்தார். 'அக்கா, வராத தண்ணிய வந்துச்சுன்னு எழுதி நாளைக்கு எவனாவது கேட்டா?' என்றார். 'என் தம்பிதான் அங்க உட்கார்ந்திருக்கான், எவன் கேப்பான்' என்றேன். உடனே போட்டுவிட்டார். உன் பேருக்கு இங்கே இன்னும் மதிப்பிருக்கிறது.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் ஒரு மூட்டு, சில இடத்தில் இரண்டு மூட்டு ஏற்றிவிட்டேன். அந்த வேலையில் ஒரு ருசி இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். நவம்பர் 17, தையற்காரர் வீட்டில் இடுப்பளவு, இரண்டு மெஷின் நாசம் என்று எழுதியிருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: அவரிடம் இருப்பதே ஒரு மெஷின், நேற்றுக்கூட அதில் மாமாவுக்கு லுங்கி மூட்டிக் கொடுத்தார். தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது, அவ்வளவுதான். டிசம்பர் 5, ஐஸ் கடையில் கட்டிலோடு மிதந்த நோயாளி என்று எழுதியிருப்பது உன் மாமாவை. அன்று தண்ணீர் அவருக்கு முழங்காலுக்குக் கீழேதான் நின்றது. 'மிதந்தேன்னு எழுதிட்டியா, அப்ப நீச்சல் தெரியும்னும் எழுது' என்றார்.

ஆனால் கடல் கிட்டே வருகிறது என்பது பொய்யில்லை. நீ பந்து விளையாடிய மணல் இப்போது கிடையாது. பின்வாசல் படியில் ஆறில் இரண்டு போய்விட்டது. அதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அப்பா விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கிண்டாதே. போனவர் போய்விட்டார்.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

மனு நன்றாக இருக்கிறது. எங்கள் பொறியாளர் தையற்காரருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். உங்கள் சந்துக்கு நீலம் அடித்துவிட்டேன். நீலம் என்றால் சுவர்.

ஆனால் நீலத்தில் பதினோரு ஊர் இருக்கிறது, இந்த வருடம் நாலு ஊருக்குத்தான் கல். நீங்கள் எட்டாவது. உங்கள் முறை வர இரண்டு வருடம் ஆகலாம்.

கடலால் உயிர் போயிருந்தால் அந்த ஊரின் கோப்பை வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைப்பார்கள், உடனே முடிவாகும். உங்கள் சந்தில் அப்படி யாராவது இறந்திருக்கிறார்களா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. இரண்டு வருடம் காத்திருந்தால் சுவர் எப்படியும் வந்துவிடும். யோசித்து எழுது.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்கிறாய். படிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. போன வாரம் மூன்றாவதும் ஆடத் தொடங்கிவிட்டது.

சந்தில் கடலால் செத்தவர் யாரும் இல்லை. எல்லாரும் குடித்தோ, கிழடாகியோதான் போனார்கள். மற்றவர் வீட்டுச் சாவை வாங்கி எழுதினால் நாளைக்கு அவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதனால் நம் வீட்டுச் சாவையே எழுதியிருக்கிறேன். தனித்தாளில் வைத்திருக்கிறேன், பார்.

'மூன்று வருடத்துக்கு முன் மே மாதம், எண்பத்தொரு வயதான என் தகப்பனார், வீட்டுக்குள் புகுந்த கடல்நீரில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் மூச்சடைத்து இறந்துபோனார்.'

அப்பா எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நெஞ்சுச் சளி கட்டி, கட்டிலில், காய்ந்த துணியில், வாய் திறந்தபடி போனார். அந்த வாரம் கடல் அலையடிக்காமல் கிடந்தது, தரையில் ஒரு சொட்டு கிடையாது. பதிவேட்டில் 'வீட்டில் மரணம்' என்றுதான் இருக்கிறது, எதனால் என்று இல்லை. ஆகவே பயமில்லை. மாமாதான் 'வேணாம்டி, அந்தக் கிழவன விடு' என்று முனகினார். அப்பா இருந்திருந்தால் 'எழுதுடி, செத்தும் ஒரு சுவர் கட்டிக்குடுத்தேன்னு இருக்கட்டும்' என்று சிரித்திருப்பார். உனக்கும் அது தெரியும்.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

இரண்டும் கிடைத்தன. தனித்தாளைக் கோப்பில் சேர்த்துவிட்டேன். உன் கடிதம் என்னிடம் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

உனக்கு வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று சந்தே சொல்கிறது. நான் சொல்லவில்லை, சந்து சொல்வதை எழுதுகிறேன்.

நேற்று உங்கள் அளவைக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஐஸ் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன், வெளியே நின்று குடித்தார்கள். ஒவ்வொரு கதவிலும் சிவப்பு மையில் எண் போட்டார்கள். நம் கதவுக்குப் பதினேழு. அறை அறையாக நாடா பிடித்து அளந்து, கக்கூஸைக்கூட விடாமல் எழுதிக்கொண்டார்கள். 'வீட்ல எத்தனை பேரும்மா? படி ஏறுவீங்களா?' என்றெல்லாம் கேட்டார்கள். அவர்கள் போனபின் மாமா பாதி வாயால் ஒன்று கேட்டார். 'கடலுக்குச் சுவரு கட்டுறவன், நம்ம கக்கூஸ ஏன்டி அளக்குறான்?'

நான் திட்டி வாயை அடைத்துவிட்டேன். ஆனாலும் மண்டைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு வரி எழுதிப் போடு.

தலைவர்கூட இன்று கடை வாசலில் வண்டியை நிறுத்தி, 'உங்க தம்பி கெட்டிக்காரரும்மா' என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் விடுதியோடு சுவரை நிறுத்திவைத்த மனுஷன் நம் சந்தைப் பார்த்து ஏன் சிரிக்கவேண்டும்?

அக்கா


மே 6

எண் 17 வீட்டு மனுதாரர் அவர்களுக்கு,

பார்வை: தங்கள் மனு, பிப்ரவரி 2, இணைப்புத் தாள், பிப்ரவரி 22.

தாங்களும் தங்கள் பகுதியினரும் கையெழுத்திட்டுத் தெரிவித்துள்ள வெள்ள விவரங்களையும், ஏற்பட்டுள்ள உயிரிழப்பையும் கருத்தில்கொண்டு, மேற்படி பகுதி மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது என முடிவு செய்யப்பட்டுள்ளது. இருபத்துமூன்று வீடுகளும் அகற்றப்பட்டு, குடியிருப்போருக்கு உப்பளத்துக்கு அப்பால் கட்டப்பட்டுள்ள அடுக்குமாடியில் வீடு ஒதுக்கப்படும். தங்களுக்கு இரண்டாம் மாடி.

கருத்துக் கேட்புக் கூட்டம்: மே 17, ஊர்ச்சபை மண்டபம். எழுத்துமூல ஆட்சேபங்கள் ஆதாரத்துடன் ஜூன் 5 மாலை ஐந்து மணி வரை இவ்வலுவலகத்தில் பெற்றுக்கொள்ளப்படும்.

வரைவாளர், அதிகாரிக்காக


மே 19

தம்பிக்கு,

மனுதாரர் அவர்களுக்கு. நல்லது. பதினேழில் உன் வெட்டுப் போட்ட ஏழைப் பார்த்திருக்காவிட்டால் யாரோ அன்னியன் அனுப்பியது என்றே நினைத்திருப்பேன்.

கூட்டத்துக்குப் போனேன். சந்து முழுக்க வந்திருந்தது. எல்லாரும் எழுந்து நின்று போகமாட்டோம் என்றார்கள். தலைவர் கத்தவில்லை, மைக்கை வாங்கிக்கொண்டு என் மனுவை எடுத்துப் படித்தார். நாலு பக்கத்தையும், நிறுத்தி நிதானமாக. தையற்காரர் வீட்டில் இடுப்பளவு என்றதும், 'இது உங்க கையெழுத்துதானே?' என்று அவரையே கேட்டார். கட்டிலோடு மிதந்த நோயாளி என்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் அப்பாவைப் படித்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா எப்படிப் போனார் என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும். தூக்கிக்கொண்டு போனவர்களே அவர்கள்தான்.

நான் எழுந்து, அது பொய், தண்ணீர் அப்படி வரவில்லை என்றேன். உங்கள் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அப்ப பொய் மனு குடுத்தீங்களாம்மா? வீடு போகுதுன்னதும் இப்ப மாத்திச் சொல்றீங்க. முன்னாடியே எழுதின ஆதாரம் ஏதாவது இருக்கா?' என்றார்.

இருக்கிறது. உன்னிடம் இருக்கிறது. பிப்ரவரியில் நான் உனக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் எது நிஜம், எது கூட்டியது என்று பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறேன். உறையில் தபால் முத்திரை தேதியோடு இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடு. எனக்குத் தண்டனை என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். சந்து பிழைக்கட்டும்.

இங்கே என்னிடம் எவரும் ஐஸ் வாங்குவதில்லை. இறங்குதுறைக்காரர்கள் மூன்று மைல் தள்ளிப் போய் வாங்கிவருகிறார்கள். இரண்டு நாள் சரக்கு உருகி வாசலில் ஓடிவிட்டது. தையற்காரர் மாமாவுக்குத் தைக்க வைத்திருந்த சட்டைத்துணியை வெட்டாமலே திருப்பிக் கொண்டுவந்து போட்டார். 'உங்க தம்பிதான் அங்க உட்கார்ந்திருக்கான்னு சொன்னீங்களேக்கா' என்றார். மாமாவை இரண்டாம் மாடிக்கு எப்படி ஏற்றுவேன்? ஏற்றினால் எப்படி இறக்குவேன்?

உனக்குத் தெரியாமல் எவனோ செய்துவிட்டான் என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

எவனோ செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

உன் முதல் கடிதம் வந்தபோது சுவரை நீட்டத்தான் நினைத்தேன். நம்பினால் நம்பு. கூட்டி எழுதச் சொன்னதும் நல்லெண்ணத்தில்தான். தண்ணீர் எத்தனை உயரம் என்றாலும் நீலம்தான், சுவர்தான். உயிர் போன இடத்துக்கு மட்டும் சிவப்பு. ஆள் செத்த இடத்தில் ஆட்களை விட்டுவைத்துச் சுவர் கட்டினால் நாளைக்கு அலுவலகம் பதில் சொல்லவேண்டும், அதனால் சிவப்பு என்றால் அகற்றல். கேட்கும்போதே எனக்கு அது தெரியும். ஆனால் இல்லை என்று எழுதுவாய் என்று நினைத்தேன். காத்திருந்தால் சுவர் வரும் என்றும் சொல்லியிருந்தேன். நீ அப்பாவைக் கொடுத்தாய். ஐஸ் உடைத்துக் கொடுப்பது மாதிரி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாய். இந்த ஒரு மனிதர் கடைசியில் என்ன சொன்னார், யாரைக் கேட்டார் என்று மூன்று வருடமாக உன்னிடம் கெஞ்சுகிறேன். எனக்கு ஒரு வரி இல்லை, கோப்புக்கு ஒரு முழுத்தாள். அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். சந்து காலியானபின் அங்கே விடுதியின் படகுத்துறை வரும். அதற்குச் சுவரும் வரும். புள்ளிக்கோடாக அதையும் வரைந்துவிட்டேன்.

உன் இரண்டு கடிதமும் என் மேசை இழுப்பறையில் உறையோடு இருக்கின்றன. கொடுத்தால் சிவப்பு போய்விடும், நீலமாவது மிஞ்சும். என் வேலைக்கும் அது நல்லதில்லை, இருந்தாலும் கொடுக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா கடைசி நாட்களில் என்னைக் கேட்டாரா, நீ என்ன சொன்னாய், எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை? எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூன் 5 மாலை ஐந்து மணிக்கு ஆட்சேபம் வாங்குகிற ஜன்னலை மூடுவார்கள்.

தம்பி


மே 30

தம்பிக்கு,

எழுதுகிறேன். வைத்துக்கொள்.

அப்பா நாலு நாள் கிடந்தார். முதல் நாளே உன்னைக் கேட்டார். 'அவனுக்குச் சொல்லிட்டியா?' என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லை. இரண்டாம் நாள் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தார். மூன்றாம் நாள் மறுபடி கேட்டார். 'அவனுக்கு லீவு கிடைக்கலையாம், முடிஞ்சப்புறம் வர்றானாம்' என்றேன். அப்படியே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் தானாகவே ஆளைக் கூப்பிடச் சொல்லிப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தத் தேவையும் இருக்கவில்லை. நாலாம் நாள் யாரையும் கேட்கவில்லை.

ஏன் என்று கேட்கிறாய். எட்டு வருடம் அவர் மூத்திரத்துணியை அலசியவள் நான். வருடத்துக்கு இரண்டு நாள் பழப்பையோடு வந்து போகிறவனைப் பார்த்து அவர் முகம் மலருவதைக் கடைசியிலும் நான் பார்க்கவேண்டுமா? அவ்வளவுதான் காரணம். வீடு அப்புறம்.

கையெழுத்தும் போட்டிருக்கிறேன், தேதியும் போட்டிருக்கிறேன். இப்போது என் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடு. உன் காலில் விழுகிறேன் என்று நினைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 7

அக்காவுக்கு,

உன் கடிதம் 5ஆம் தேதி மத்தியானம் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. மற்ற இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு ஆட்சேப ஜன்னலுக்குத்தான் இறங்கினேன். நாலு மணி இருபது. எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒரு தடவை பிரித்துப் படித்துவிடலாம் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

'சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.' அந்த வரிக்கு மேல் போகமுடியவில்லை. மூன்று பேரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜன்னல்காரர் என்னைப் பார்த்து, 'சார், உங்ககிட்ட ஏதாவது இருக்கா? மூடப்போறேன்' என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீ எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய். நானும் இல்லை என்று சொன்னேன். அவ்வளவுதான்.

பிப்ரவரிக் கடிதங்கள் இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனி அவற்றால் பயன் இல்லை. மே 30 கடிதம் என்னிடமே இருக்கும். லாரி 20ஆம் தேதி வரும். மாமாவின் நாற்காலியைக் கடைசியாக ஏற்றச் சொல், முதலில் இறக்கலாம்.

தம்பி


செப்டம்பர் 16

தம்பிக்கு,

புது விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே ஒதுக்கிய வீடு, விலாசம் உனக்குத் தெரியாமலா இருக்கும்.

சுவர் நன்றாக வருகிறதாம். நம் பின்வாசல் இருந்த இடத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்கிறார்கள். ஐஸ் வியாபாரம் முடிந்தது. இங்கே எல்லாருக்கும் சேர்த்துக் குழாயடி ஒன்று, படிக்கட்டு ஒன்று. அந்தப் படிக்கட்டில் ஏறும்போது எதிரே நான் வந்தால் தையற்காரர் சுவரைப் பார்த்து நின்று வழி விடுகிறார். மற்றவர்கள் அதுகூட இல்லை.

உன் மாமாவை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்தான் தெரியும். இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், திட்டுவதற்கு ஒரு படகும் இல்லை. ஆகஸ்ட் 23 காலையில் போய்விட்டார். படிக்கட்டு வளைவில் கட்டில் திரும்பவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் நெஞ்சோடு கட்டி இறக்கினோம். உனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

நீ அந்த மே 30 கடிதத்தை வைத்திருப்பாய் என்று தெரியும். மடிப்பு கிழிகிற அளவுக்குப் படித்திருப்பாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தது நீ. கேட்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று பார், அதைக் கொஞ்சம் கூட்டிக் கொடு என்றாய். சுவர் கேட்டபோது தண்ணீர் எழுதினேன். உயிர் கேட்டாய், அப்பாவை எழுதினேன். கடைசியில் ஒரு பாவம் கேட்டாய், கடிதங்களை வாங்கவேண்டுமே என்று அதையும் எழுதினேன். தபாலுக்கு நேரமாகிவிட்டது, மாமா பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தார், கை தானாக ஓடியது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழுக்க இல்லை. அப்பா உன்னைக் கேட்டாரா, எத்தனை தடவை கேட்டார், நான் என்ன சொன்னேன், சுவர்ப் பக்கம் திரும்பினாரா, அல்லது ஒன்றும் தெரியாமல் தூக்கத்தில் போனாரா என்று அந்த அறையில் இருந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை நாற்காலியில் வைத்து இறக்கிவிட்டோம்.

மிச்சம் இருப்பது நான். நான் உன்னோடு பேசமாட்டேன், வாக்கு வாக்குதான். இனி எழுதவும் போவதில்லை. உனக்கு அளவெடுக்கத் தெரியும். அந்தக் கடிதத்தில் எது முழங்கால், எது இடுப்பு என்று நீயே உட்கார்ந்து அளந்துகொண்டிரு.

அக்கா